முக்கிலிருந்தே கொட்டு

அலாரம் அடித்ததும் திடுக்கிட்டு எழுந்த அஜிதா கட்டிலருகே மயங்கி விழுந்தாள். வலிப்பு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஈ.சி.ஜி. வேறொன்றைச் சொன்னது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அவள் இதயம் அடுத்ததற்குத் தயாராகக் கூடுதல் நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் திடுக்கிட்டால் தாளம் சிதறும். மரபணுவில் வந்த பிழை. பிள்ளைக்கும் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அண்ணன் டைட்டஸுக்கு இல்லை. மகள் ஜினிஷாவுக்கு இருந்தது.

இருவருக்கும் மாத்திரை. அலாரம் போயிற்று. காலிங் பெல் வயரை டைட்டஸே பிடுங்கினான்.

டிசம்பரில் இரணியல் பக்கம் வீடு வீடாகப் போகும் கேரல் பாட்டுக் குழுவில் அவன்தான் கொட்டுக்காரன். “இந்த வருசம் இங்க வரல்ல” என்றான்.

ஜினிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. “எல்லா வீட்டுக்கும் போவீங்க, நம்ம வீட்ட மட்டும் தாண்டிப் போவீங்களா மாமா?”

“எங்கிட்ட இருந்துதானே மக்கா உனக்கு இது வந்தது” என்று அஜிதாவும் அழுதாள்.

“சுருட்ட முடியுந்தான் வந்தது. அதுக்கு அழுதியா?”

டைட்டஸ் இறங்கி வந்தான். “செரி, சத்தமில்லாம வாறோம்.”

சொன்னபடியே வந்தார்கள். டைட்டஸ் கொட்டு மேளத்தைச் சாரத் துணியில் சுற்றியிருந்தான். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட பெனிட்டோ மணியைப் பைக்குள் போட்டிருந்தான். செருப்பைக் கையில் பிடித்து, பூனை போல முற்றத்தில் கூடினார்கள். அம்மாவும் மகளும் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். டைட்டஸ் கையை உயர்த்தினான். இருபது தொண்டைகள் ஒன்றாக வெடித்தன.

தம்ளர் உருண்டது. டைட்டஸ் உள்ளே ஓடினான். அஜிதா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். துடிப்பு வேகமாக ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடியது. அவளுடையதும்.

“கள்ளன் மாதிரி வந்து கத்துனா செத்தவனும் எந்திப்பான்!” என்றாள் ஜினிஷா. “டாக்டர் திடீர்ச் சத்தத்தையில்லா வேண்டாம்னாரு?”

“தப்புதான் மக்கா. நாங்க போறோம்.”

“எங்க போற?” என்றாள் அஜிதா. “அந்தத் தெரு முக்குல நின்னு மெதுவா கொட்டத் தொடங்கு. அடிச்சுக்கிட்டே வா. வாறது தெரிஞ்சா நாங்க ஏன் பயப்படணும்?”

டைட்டஸ் தயங்கினான். பிறகு எல்லோரையும் திருப்பி அழைத்துப் போனான்.

வாசலில் இரண்டு நாற்காலி போட்டார்கள். முக்கில் கொட்டு மெல்ல எழுந்தது. அஜிதா மணிக்கட்டை விடவில்லை.

“வாறாங்க” என்றாள்.

“கேக்குதும்மா.”