செல்லுக்குள் ஏது பாய்லர்?

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்க்கும் ஏழுமலைக்கு உலகத்தில் எல்லாமே பாய்லர்தான். போன முறை அவன் சொன்னதை நம்பி, செல்லுக்குள் சர்க்கரை கொழுந்துவிட்டு எரிகிறது என்று எழுதித்தான் அவன் மனைவி வினோதா பிளஸ் டூ பயாலஜியில் கோட்டை விட்டாள். இன்று மறுதேர்வு. இதிலும் போனால் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் பிடித்து வைத்த சீட்டும் போய்விடும். அது தெரிந்தும், வேலை முடிந்து வந்த மனுஷன் நாஷ்டாவைக்கூடத் தொடாமல் பாடம் எடுக்க உட்கார்ந்துவிட்டான்.

“சர்க்கரதான் கரி. மைட்டோகாண்ட்ரியா பாய்லரு. அவ்ளோதான் மேட்டரு.”

“யோவ், பேஜாரு பண்ணாத. நெருப்பே கெடையாது. ஒரேடியா எரிஞ்சா செல்லு வெந்துபூடும். சர்க்கரைய படிப்படியா ஒடைச்சி, வர்ற எனர்ஜிய ஏடிபின்ற மாலிக்யூல்ல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சி வெச்சிக்கும்.”

“அப்போ சாம்பல எங்க கொட்டும்?”

கொடியில் காயும் புடவையில் படியும் சாம்பலைத் தினம் இரண்டு முறை உதறுகிற ஊரில் இது நியாயமான கேள்விதான். வினோதாவுக்குத்தான் எரிச்சல் தலைக்கு ஏறியது.

“சாம்பலே இல்லய்யா. தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும்தான் மிச்சம். அத மூச்சுல வெளிய வுட்டுட்றோம்.”

“சாம்பல் இல்லாத பிளான்ட்டா? யாராண்ட கத வுட்ற? எதுக்கும் சாம்பல் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு வா. இரு, சட்டைய மாட்டிக்கினு நானும் வர்றேன்.”

வினோதா ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.