திரையின் மூலை

தென்காசியில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்த ஜோஷ்வாவுக்கு அன்று வேலை முடிந்துவிட்டது. மணப்பெண் ரூபியும் மாப்பிள்ளையும் அருவிக்கரையில் எடுத்துக்கொண்ட வீடியோவை மதியமே அனுப்பிவிட்டான். சாயங்காலம் குற்றாலத்து மண்டபத்தில் வரவேற்பு. பெரிய திரையில் அதை ஓடவிடப் போகிறவன் அவன் கூட்டாளி சாம்.

டீக்கடையில் நின்றபடி, சும்மா ஒருதரம் செல்போனில் திறந்து பார்த்தான்.

மேல் மூலையில் ஷெர்லின் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையின் அடியில், வெள்ளை எழுத்தில்: முதலாம் ஆண்டு நினைவஞ்சலி – ரூபி. பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஷெர்லின் அவன் மனைவி. போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனவள். அவளுடைய நினைவு வீடியோவைக் காலையில்தான் மாமனாருக்கு அனுப்பியிருந்தான். அவள் படம், அஞ்சலி எழுத்து, அவர் திருத்தம் சொல்ல வசதியாக ஓடும் நேரம், மூன்றுக்கும் டிக் போட்டு வீடியோவின் மேல் ஏற்றியிருந்தான். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டே எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினான். போட்ட டிக்குகளை எடுக்கவில்லை. அடுத்த வேலையிலும் அவை அப்படியே நின்றன. பெயரை மட்டும் அந்த மென்பொருள் புதுக் கோப்பின் பெயரைப் பார்த்துத் தானாக மாற்றிக்கொண்டது.

சாமுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மண்டபத்தில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும், எப்படிக் கேட்கும்? லேப்டாப்பைப் பையில் திணித்து வண்டியை எடுத்தான்.

சாரல் முகத்தில் அடித்தது. மேலகரம் தாண்டியதும் சீசன் கூட்டம். கேரளா வண்டிகள் வரிசையாக நின்றன. ஓரத்துச் சகதியில் இறக்கி ஓட்டினான். அந்த எழுத்தை ஒரே ஒருவர் படித்தால் போதும். நாளை ரூபிக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அவன் சொல்லிக்கொள்வான். ஷெர்லினுக்கும் தலைவலியில்தான் தொடங்கியது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது விளக்குகளை அணைத்திருந்தார்கள். மணமக்கள் திரையைப் பார்ப்பதற்காக மேடை ஓரத்துக்கு வந்து நின்றார்கள். அருவி தெரிந்தது. மூலையில் ஷெர்லின் தெரிந்தாள். ஜோஷ்வா ஓடிப்போய்ச் சுவரிலிருந்த புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கினான்.

இருட்டு. யாரோ விசில் அடித்தார்கள்.

"ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றான் சாம்.

"எழுத்து தெரிஞ்சுதா?"

"என்ன எழுத்து? அடிப்பக்கம் பூராம் பூ அலங்காரம்லா மறைக்குது."

ஜோஷ்வா பையிலிருந்து லேப்டாப்பை வெளியே எடுத்தான்.

ரூபியின் அப்பா ரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, சம்பந்தக்காரவ முன்னால மானத்த வாங்குதீரு? ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் அண்ணாச்சி. சின்னக் கோளாறு. எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க, அதுக்குள்ள சரி பண்ணிருதேன்."

"சரி பண்ணிட்டுக் கொண்டாந்தா என்னவாம்? நல்ல ஆளப் புடிச்சோம்."

அவர் திட்டத் திட்ட அவன் லேப்டாப்பைத் திறந்தான். எழுத்தை எடுத்தான். நேரத்தை எடுத்தான். படத்துக்கு நேரே இருந்த டிக்கில் விரல் நின்றது. இந்த முறை தலையைத் திருப்பவில்லை. அவளைப் பார்த்தான். பிறகு அழுத்தினான்.

பந்தி முடிந்ததும் புது வீடியோ ஓடியது. எல்லாரும் ரூபியைப் பார்த்தார்கள். ஜோஷ்வா மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரை அங்கே பாறையும் தண்ணீரும்தான் தெரிந்தன.

வயரைச் சுருட்டும்போது ரூபி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, மொதல்ல மேல ஒரு அக்கா போட்டோ வந்துச்சே, யாரு அது?"

"என் வீட்டுக்காரி. தெரியாம ஏறிட்டு."

"அழகா இருக்காவ. கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"வரமுடியல" என்றான். அவள் கையில் இருந்த மருதாணியைப் பார்த்தான். "ஒடம்ப நல்லாப் பாத்துக்கம்மா."

"எனக்கென்ன?" என்று சிரித்துக்கொண்டே அவள் மேடைக்கு ஓடினாள்.