செத்தவர் போட்ட நாற்பத்து மூன்று வாக்குகள்

தாமஸ் ஹென்றி சாகவில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு மெயில் வந்தது. அனுப்பியவர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியை. அவர்கள் நாட்டுக் கீழவையில் இருநூறு வருஷங்களுக்கு முன் யார் யார் உறுப்பினர், எந்தத் தீர்மானத்துக்கு யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பதைப் பழைய சபைக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்துக் கணினியில் ஏற்றும் வேலை சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. பதின்மூன்று பேர் செய்கிறோம். டீம் லீடர் மிதுன் அந்த மெயிலைச் சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தான்.

"ஏனுங்க, இதக் கேளுங்க. ஒரு தீர்மானம் அறுபத்தொண்ணுக்கு அறுபதுன்னு செயிச்சிருக்குது. நம்ம பட்டியல்ல அறுபதுக்கு அறுபதாம். ஒரு ஆளக் காணமாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஆளைக் காணாமல் ஆக்கியது நான்.

நான் பயந்தவள். லிஃப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடும் என்று பயம். படியில் ஏறினால், லிஃப்டில் போனவர்கள் எனக்கு முன்னால் போய் என்னைப் பற்றிப் பேசுவார்கள் என்று பயம். உக்கடத்தில் பஸ் ஏறும்போதே சீட்டுக் கிடைக்காது என்று பயந்து, கிடைத்த பிறகு யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே காந்திபுரம்வரை வருவேன். "ஒரு கரப்பாம்பூச்சிக்கு இருக்கற தைரியம்கூட உனக்கு இல்ல" என்பாள் அம்மா. அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை சொர்க்கமாக இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களிடம் என்ன பயம்? அவர்கள் குதிரை வண்டியில் வாரக்கணக்காகப் பயணம் செய்து தலைநகருக்கு வந்தார்கள். அங்கே விடுதிகளில் எட்டுப்பேர் பத்துப்பேராக ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட இடத்திலேயே கட்சியும் கட்டினார்கள். ஒருவர் செத்தால் மற்றவர்கள் இடது கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஒரு மாதம் துக்கம் காத்தார்கள். அந்தத் துணியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பிரியம் வரும்.

தவறு நடந்தது இப்படித்தான். ஹென்றி தாமஸ் என்று ஒரு உறுப்பினர். ஜனவரியில் இறந்துபோனார். கறுப்புத் துணி எல்லாம் கட்டினார்கள். அடுத்த டிசம்பரில் அதே ஊர், அதே தொகுதி, தாமஸ் ஹென்றி என்ற பெயர் வாக்குப் பட்டியலில் வந்தது. 'இருவரும் ஒருவரா?' என்று கணினி கேட்டது. நான் கொஞ்சமும் பயப்படாமல் ஆம் என்று அழுத்தினேன். என் வாழ்க்கையில் பயப்படாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் பயப்பட வேண்டும்? என் ஆதாரில் நான் நஸ்ரியா உமர் பாரூக். பாஸ்போர்ட்டில் உமர் பாரூக் நஸ்ரியா. ஷார்ஜாவில் இருக்கும் என் அண்ணன் ரிஃபத்தை அங்கே எல்லோரும் உமர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தா பெயர் முன்னால் போகும், பின்னால் வரும், ஆள் ஒருவர்தான். நம் ஊரில் இது தெரியாதவர் உண்டா? அந்த ஊரில் பின்னால் வருவது குடும்பப் பெயர், அது இடம் மாறினால் ஆளே மாறிவிடுவார் என்று பயிற்சியில் சொன்னார்கள்தான். சொன்னது காதில் இருந்தது, விரல்வரை இறங்கவில்லை.

இரண்டு பேரை ஒருவராக்கியதும், இறந்த தேதிக்குப் பின் இருந்த நாற்பத்து மூன்று வாக்குகள் சிவப்பாக மாறின. செத்தவர் எப்படி வாக்களிப்பார்? எனக்கு அதிலும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பெரியத்தா மௌத்தாகி நாலு வருஷம் ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் காலத்து எழுத்தரும் பெயரை நீக்க மறந்திருப்பார் என்று, நாற்பத்து மூன்றையும் அழித்துவிட்டேன். ஒருவர் இறந்தால் அந்தத் தொகுதியில் மறுபடி தேர்தல் நடத்தி வேறொருவரை அனுப்புவார்கள். அப்படி வந்த தாமஸ் ஹென்றி உறுதிமொழி எடுத்துத் தன் இடத்தில் உட்கார்ந்தார் என்ற வரி வேறொருவர் பார்த்த பக்கத்தில் இருந்திருக்கிறது. அழித்த பிறகு எழுத்தரின் தவறைத் திருத்திவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. அன்று கேன்டீனில் இரண்டு போண்டா சாப்பிட்டேன்.

மேலாளர் கிருபாசங்கர் தன் அறையிலிருந்து வந்து மிதுனின் பின்னால் நின்றார்.

"இது யாரு லாகினுல ஏறியிருக்குது?"

"லோகப்பிரியாதுங்க சார்."

லோகப்பிரியா பிரசவ விடுப்பில் இருக்கிறாள். வருகிற ஒன்றாம் தேதி திரும்ப வேண்டும். நான் அந்தத் தவறைச் செய்த அன்றைக்கு அவளுக்கு எட்டாம் மாதம், ஸ்கேனுக்குப் போயிருந்தாள். எங்கள் வரிசையில் யார் லீவு போட்டாலும் மற்றவர்கள் அவர் லாகினில் நுழைந்து அவர் பக்கங்களை முடித்துவைப்போம். எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும். மிதுனுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பான்.

கிருபாசங்கர் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். "நல்லதாப் போச்சு. தப்புப் பண்ணுன ஆள நீக்கிட்டம்னு பதில் போட்டர்லாம். எப்படியும் லீவுலதான இருக்குது அந்தப் புள்ள. நாலு மணிக்கு எல்லாருத்தையும் வரச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தால் அவளுக்குப் பதில் என் வேலை போகும். அத்தா கோட்டைமேட்டில் தையல்கடை வைத்திருக்கிறார். வேலைக்குப் போகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வேலை இல்லையென்றால் வாக்கும் இல்லை. அஃபான் என்று ஒரு மாப்பிள்ளை வேறு தயாராக இருக்கிறார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். எனக்கு அதுவும் பயம்.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்குப் போய் லோகப்பிரியாவைக் கூப்பிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். 'போனால் போகட்டும், நான் வரவில்லை' என்று அவளே சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு அல்ப ஆசையும் இருந்தது.

"என்ன கண்ணு இந்நேரத்துல? சோறுண்டாச்சா?"

"ஆச்சு. நீ எப்ப வர்றே?"

"ஒண்ணாந்தேதி வாரேன். எங்க மாமியா, பல்லடத்துலயே இருந்து கோழிப்பண்ணையப் பாத்துக்கோ, உனக்கெதுக்கு வேலைன்னாங்க. முடியாதுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டேன். அம்மா ஊட்டுக்கு வந்தர்றேன். பாப்பாவ அம்மா பாத்துக்குவாங்க. ஏன் நஸ்ரியா, என்ன ஆனாலும் என்ற எடத்த யாருக்கும் குடுத்தராதீங்க. சன்னலோரம், சொல்லிப்போட்டேன்."

"குடுக்க மாட்டோம்" என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினேன். திறக்காததை எப்படி மூடுவது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

நாலு மணிக்கு லோகப்பிரியா போக மீதிப் பன்னிரண்டு பேரும் கிருபாசங்கர் அறையில் நின்றோம். அவர் கத்துகிற மனிதர் இல்லை. பெருந்துறைக்காரர், ஆளைத் திட்டும்போதும் 'ங்க' போடுவார். லோகப்பிரியாவை நீக்கி மெயில் போடப்போவதாகச் சொன்னார். "உங்களுக்கெல்லாம் சம்மதந்தானுங்களே?"

"ஓகே சார்" என்று ஒரே குரலாக வந்தது. என் குரலும் அதில் இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. கீழவையில் பாதித் தீர்மானங்கள் அப்படித்தான் முடிந்தன. எல்லோரும் மொத்தமாகக் குரல் கொடுப்பார்கள், யார் என்ன சொன்னார் என்பது எழுதப்படாது. அப்படிப்பட்ட தீர்மானங்களில் எங்களுக்கு ஏற்ற ஒன்றும் இருக்காது, பக்கம் சீக்கிரம் தீரும், சந்தோஷப்படுவோம். ஆனால் வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்குப் பேர் கேட்டால் எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். சொன்னது இருநூறு வருஷம் நிற்கும். பன்னிரண்டில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் மூன்று பேர் வேண்டும். நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மிதுன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் சார் பண்ணேன்."

என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "லோகப்பிரியா அன்னிக்கு ஸ்கேனுக்குப் போயிருந்தா. நான்தான் அவ லாகின்ல ஏத்தினேன்."

கிருபாசங்கர் மிதுனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவிய பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

எல்லாவற்றுக்கும் பயந்தவள் இதற்குப் பயப்பட மறந்துவிட்டேன். பாஸ்வேர்டைக் கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

"அவ குடுக்கல சார். நானாத்தான் எடுத்தேன்."

"திருடுனீங்களா?"

"ஆமா சார்."

எங்கள் வழக்கத்தைச் சொல்ல அந்த அறையில் இன்னும் பதினொரு வாய்கள் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அரை நிமிஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன்.

"நம்பற மாதிரி இல்லீங்க. அந்தப் புள்ளையவே கேட்டர்லாம்" என்றார் கிருபாசங்கர். மிதுனின் போனை வாங்கி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். இல்லை என்று சொல்லு, கொடுக்கவில்லை என்று சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். மாமியாரிடமே மூஞ்சிக்கு நேராகப் பேசியவள்.

"சொல்லுங்க மிதுன்." பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

"நான் கிருபாசங்கர் பேசறேனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பாஸ்வேர்ட நஸ்ரியாவுக்கு நீங்க குடுத்தீங்களா?"

அழுகை மட்டும் கேட்டது. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நஸ்ரியா அங்க இருக்காளாங்க சார்?"

"இருக்காங்க."

"ஒரு நிமிசமுங்க. பாப்பாவக் கீழ படுக்க வெச்சுட்டு வந்து பேசறனுங்க."

போனை எதன்மேலோ வைக்கும் சத்தம் வந்தது. பிறகு கொலுசுச் சத்தம், விலகிப் போனது. தூரத்தில் அவள் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுப்பது புரியாத முணுமுணுப்பாகக் கேட்டது. அழுகை விம்மலாகி, விம்மல் விட்டுவிட்டு வந்து, நின்றது. பன்னிரண்டு பேரும் மேசைமேல் இருந்த அந்தச் சின்ன வெளிச்சத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொலுசு திரும்ப நடந்து வந்தது.