பத்தாவது நிமிஷக் குழாய்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கறார். டாக்டரே வந்து கெஞ்சினாலும் பெயர் எழுதாத குழாயைத் தொடமாட்டாள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம் வாங்கியது போல் வைத்துக்கொண்டாள்.

அன்று ஆபரேஷன் மேஜையில் கிடந்தது அவளுடைய அண்ணி.

இரண்டு வருஷமாக அண்ணிக்கு அசதி, மறதி, எலும்பெல்லாம் வலி. நடுவில் இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல். "வேலைன்னு வந்தாத்தான் அண்ணிக்கு உடம்பு படுத்தும், சரியான சோம்பேறி" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் கறார்தான். மூன்றாவது கல் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தாள். கால்சியம் எகிறிக் கிடந்தது, பாராதைராய்டு ஹார்மோனும் அப்படியே.

அந்த ஹார்மோனைச் சுரக்கக் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி போல நான்கு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும், போதுமானதும் அடங்கிவிடும். அண்ணிக்கு அந்த அடங்குதல்தான் இல்லை. வீங்கிப்போன சுரப்பி எலும்பை நிறுத்தாமல் சுரண்டிக்கொண்டிருந்தது, சுரண்டிய கால்சியம் சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. சோம்பேறி என்று சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது கறாருக்கு.

ஸ்கேனில் தெரிந்தது ஒரே ஒரு வீக்கம். வெட்டுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் இருநூற்று நாற்பது. அது ரத்தத்தில் சில நிமிஷங்களே தங்கும். கெட்ட சுரப்பியை எடுத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் பாதிக்குக் கீழே இறங்க வேண்டும்.

பத்தாவது நிமிஷக் குழாய் வந்தது. கறார் இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷன் அறைக்குப் போன் செய்தாள்.

"நூத்தித் தொண்ணூறு, டாக்டர். இறங்கல."

"சுரப்பி என் கையில இருக்கும்மா, கடலை சைஸ்ல. உங்க மெஷினைத் தட்டிப் பாருங்க."

பெரிய டாக்டர் கழுத்து ஆபரேஷனில் புலி. அவரிடம் மறுத்துப் பேசிய ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

"விடை தெரிஞ்ச சாம்பிளைக் காலையிலயே போட்டுப் பார்த்துட்டேன். மெஷின் சரியா இருக்கு. குழாயில பேரும் நேரமும் சரியா இருக்கு."

"உங்க அண்ணியாமே. சொந்தம்னதும் பயம் வந்துடுச்சா? நான் தையல் போட்டு மூடப்போறேன்."

தப்பாகச் சொன்னால் அண்ணியின் கழுத்தை வீணாகக் குடைவார்கள். சும்மா இருந்தால் ஆறு மாதத்தில் அதே தழும்பின் மேல் மறுபடியும் கத்தி விழும். எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"மூடாதீங்க, டாக்டர். இருபதாவது நிமிஷ ரத்தம் அனுப்புங்க. அது இறங்கியிருந்தா நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். நூற்று எண்பத்தாறு.

"மறுபக்கம் பார்க்கிறேன்" என்றார் பெரிய டாக்டர்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த குழாய் வந்தது. இன்னொரு சுரப்பியும் வீங்கி, மறுபக்கம் ஆழத்தில் ஒளிந்திருந்ததாம்.

"இருபத்தெட்டு, டாக்டர்."

"மூடலாமா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"மூடுங்க."

மறுநாள் அண்ணி கழுத்துக் கட்டோடு சாய்ந்திருந்தாள். உதடும் விரல் நுனியும் சுருக்சுருக்கென்று குத்துகிறதாம்.

"பறிகொடுத்த கால்சியத்தையெல்லாம் எலும்பு திரும்ப இழுத்துக்குது, அண்ணி. நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன், மருந்து குடுத்தா அடங்கிடும்." அதற்கு மேல் அவளால் சுற்றி வளைக்க முடியவில்லை. "உங்களைச் சோம்பேறின்னு சொன்னேனே, அது தப்பு. மன்னிச்சுடுங்க."

அண்ணி அவளையே பார்த்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன்ம்மா. இத்தனை நாளும்."

கறார் அண்ணியின் கையை எடுத்து, நர்ஸ் வரும்வரை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.