மேலப்படுகையில் அடிக்கல் துளிர்த்த வரலாறு

பாபிலோனின் தொங்கும் தோட்டம் மண்ணோடு போயிற்று. மொகலாயர் போட்ட தோட்டங்களில் இன்று ஆடு மேய்கிறது. உலகத்துத் தோட்டங்களின் சரித்திரத்தில் அழியாத இடம் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரையில், மேலப்படுகை டவுன்ஷிப் போர்டு அமைத்த இயற்கைப் பூங்காவுக்கே உண்டு. 1958ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அந்தப் பூங்காவின் அடிக்கல் துளிர்விட்டது. அப்போது அங்கே வேறு செடி எதுவும் கிடையாது.

கல்லை நட்டது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். போர்டின் சேர்மன் ரெங்கராஜ், ரைஸ் மில் முதலாளி, ஜனங்கள் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி முக்கொம்புக்குப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் நம் ஊருக்கும் ஒரு பூங்கா வேண்டும் என்று தீர்மானித்தார். கல்தச்சர் பஷீர் அகமது வெட்டிய எழுத்தில் முக்கால் பாகம் சேர்மன் பெயரும் அதற்கு முன்னும் பின்னும் வருகிற மரியாதைகளும். மீதிக் கால் பாகத்தில் பூங்காவும் எப்படியோ இடம் பிடித்திருந்தது. என்ன மரம் வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிஷன் போட்டார்கள். வேம்பா கொன்றையா என்பதைக் கமிஷன் ஊட்டிக்கே நேரில் போய் ஆராய்ந்தது. அங்கத்தினர் ஒருவர் புங்கன் என்று கிளப்பியதால் மறுபடியும் ஊட்டிக்குப் போகவேண்டி வந்தது. இதற்குள் பிச்சைமுத்து என்பவரைத் தோட்டக்காரராக நியமித்தாகிவிட்டது. பூங்காவில் நட்டிருப்பதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. நட்டிருந்தது கல் ஒன்றுதான். அவர் அதற்கு ஊற்றினார். சர்க்கார் உரம் வந்தபோது உரமும் வைத்தார்.

முதலில் கல்லின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு முளை விட்டது. அடுத்த தைக்குள் அது ஆள் உயரம் வளர்ந்து கிளை பிரிந்தது. சிலேட்டு மாதிரி மெல்லிய இலைகள். ஒவ்வொரு இலையிலும் பொன்னெழுத்தில் ‘சேர்மன் ரெங்கராஜ் அவர்கள்’. தெப்பக்குளத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, சேர்மன் கிளையைப் பிடித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டார். இனி மரத்துக்கு அவசரமில்லை என்று கமிஷன் அறிக்கை கொடுத்தது. அறிக்கையைச் சரிபார்க்க மூன்றாம் தடவையும் ஊட்டிக்குப் போயிற்று. போர்டு மெம்பர் வரதாச்சாரி மட்டும், “பெருமாள் சிலையிலே எழுந்தருளியிருக்கார்னா அது அவர் சங்கல்பம். சேர்மன் இலையிலே எழுந்தருளியிருக்கறது நம்ம போர்டு ஜல விசேஷம்” என்றார். அதைப் பாராட்டாகவே குறிப்பில் ஏற்றினார்கள்.

மயிலம்மாளுக்கு இரண்டு எருமைகள். புருஷன் போன பிறகு அவள் பாலும் வரட்டியும் விற்றுப் பிழைப்பது அந்த இரண்டையும் நம்பி, அவை பிழைப்பது படுகைப் புல்லை நம்பி. புதிதாக ஒரு மரம் தழைத்திருப்பதை எருமைகள் பார்த்தன, எட்டியவரை தின்றன. இலை செரித்தது. எழுத்து செரிக்கவில்லை. பூங்காவைச் சுற்றி நாலு பக்கமும் எழும்புவதாக இருந்து ரோட்டோரம் மட்டும் எழும்பியிருந்த மதிலில் அவள் வழக்கம்போல வரட்டி தட்டினாள். ஒவ்வொரு வரட்டியிலும் பொன்னெழுத்து மின்னிற்று. மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் போகிறவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். டிரைவரும் அந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே விட்டார்.

சேர்மன் காரில் வந்து இறங்கினார்.

“ஏம்மா மயிலம்மா, என் பேரை எதுல எழுதி வச்சிருக்க?”

“நான் எங்கங்க எழுதினேன், எனக்குக் கையெழுத்தே வராது. அது தின்னுச்சு, போட்டுச்சு. நான் தட்டுனேன்.”

“அழிச்சிடு.”

“சாணியைத்தான் வழிக்கலாம் சேர்மனய்யா. பேரு போகமாட்டேங்குதே.”

அந்த வாரமே முள்கம்பி வந்தது. படுகையில் கால்நடை நுழையக்கூடாது என்று போர்டு தீர்மானம் போட்டது. மயிலம்மாள் எருமைகளை ரயில் பாதையோரம் ஓட்டினாள். அங்கே புல்லைவிடக் கரி அதிகம். பால் பாதியானது, வாடிக்கைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கறவை வற்றினால் மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டுவதைத் தவிர வழியில்லை என்று அவள் பிச்சைமுத்துவிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

கடிக்க ஆளில்லாத மரம் காடாக வளர்ந்தது. புது இலைகளில் புதுப் பட்டங்கள் வந்தன. முதலில் ‘உயர்திரு’, பிறகு ‘கொடைவள்ளல்’, பிறகு ‘காவிரி தந்த கர்ணன்’. இவையெல்லாம் சேர்மன் மேடையில் பிறரைச் சொல்ல வைத்தவை. அதற்குமேல் வந்தவை அவர் தனியாகக் குளிக்கும்போது நினைத்துக்கொண்டவை. வாடைக்காற்று அடித்ததும் இலைகள் தெற்கே ஊருக்குள் பறந்தன. அம்மாமண்டபத்தில் முழுக்குப் போட்டவர்கள் தலையில் விழுந்து புடைக்க வைத்தன; சித்திரை வீதியில் கொதிக்கும் ரசத்தில் விழுந்து, கரண்டியோடு வெளியே வந்தன. போர்டு தேர்தல் நெருங்கியிருந்தது; எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு நோட்டீஸ் அடிக்கவில்லை. தெருவில் பொறுக்கி வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஜில்லாக் கட்சித் தலைவரின் ஜீப்பில் ஒரு இலை விழுந்தது. அதில் ‘வருங்கால முதல் மந்திரி’ என்றிருந்தது. அந்தப் பதவிக்குத் தலைவரே முப்பது வருஷமாகக் காத்திருப்பவர். இந்த விஷயம் ஒரு மாதத்துக்குள் அடங்காவிட்டால் சீட்டு வேறு ஆளுக்கு என்று மறுநாளே ஆள் விட்டுச் சொன்னார்.

சேர்மன் பதறிப்போனார். மரத்தை அறுக்கப் போன ரம்பம் பல் உதிர்ந்தது. பஷீர் அகமது உளியால் ஒரு கிளையை வெட்டினார். அதே இடத்தில் இரண்டு கிளை வந்தது, பட்டமும் இரண்டாக. “வெட்ட வெட்ட வளருதுங்க. தின்னாத்தான் அடங்குது” என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

மயிலம்மாள் எருமைகளுக்குப் புதுக் கயிறு மாட்டி மணப்பாறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில் சேர்மனின் கார் அவள் குடிசை வாசலில் நின்றது. அவர் வெயிலில் இறங்கி நின்றார்.

“வாங்க மயிலம்மா. பழையபடி படுகையில விட்டுக்குங்க.”

“நேத்துவரைக்கும் ‘ஏம்மா’ன்னுதானே கூப்பிட்டீங்க.”

சேர்மன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கம்பியைப் பிடுங்கிவிடுவதாகவும், படுகையில் அவளுக்கு நிரந்தர மேய்ச்சல் உரிமை தருவதாகவும், அதைக் கல்லில் வெட்டி வாசலிலேயே நட்டுத் தருவதாகவும் சொன்னார்.

“கல்லு வேணாங்க. அது வளரும். தாள்ல எழுதி முத்திரை போட்டுக் குடுங்க.”

கொடுத்தார்கள். எருமைகள் ஒரே பட்சத்தில் பட்டங்களைத் தின்று தீர்த்தன. அதன்பின் மரம் ஆள் உயரத்துக்குமேல் வளரவில்லை. பால் பழையபடி பெருகிற்று. மதிலில் வரட்டியும் பழையபடி காய்ந்தது. பஸ்காரர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். கல்லில் துளிர் விடுவதைப் பங்குனியில் வேம்பு துளிர்ப்பதைப் போலத்தான் ஊரார் பார்த்தார்கள். சேர்மனுக்குச் சீட்டும் கிடைத்தது, பதவியும் நிலைத்தது.

1962இல் திறப்பு விழா. தலைவர் வர மறுத்ததால் சேர்மனே திறந்து வைப்பதாக ஏற்பாடு. இலைகளுக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். பூங்கா பற்றிய அவருடைய உரை நீண்டது. அன்றைய போட்டோ இன்றும் போர்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. படத்தில் கத்தரிக்கோல் சேர்மன் கையில் இருக்கிறது. ரிப்பன் மூத்த எருமையின் வாயில் இருக்கிறது.