அண்ணாச்சி ஸ்டாப்

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பின்னால் பார்க்க வேண்டும். லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து இது சுடலைமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் காலைப் பனிமூட்டத்தில் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்ட அவர், கம்பெனி பஸ்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டே முகத்தை உள்ளே திருப்பி, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு துணுக்கு சொல்லிக்கொண்டிருந்தார். துணுக்கின் கடைசி வரி முடிந்தது. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது.

பிரிவு ரோட்டில் கம்பெனி நட்டிருந்த ஸ்டாப் கம்பம், மஞ்சள் போர்டோடு மல்லாந்து கிடந்தது.

அவர் இறங்கிப் போய் அதை உண்ணிச்செடிப் புதருக்குள் இழுத்துவிட்டார். நல்ல பனி, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் அந்த வெறுங்குழியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தினார்.

"அங்க குழி தோண்டுதாங்க தாயி, இனிமே இங்கனதான்" என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தார்.

பெண்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தார். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்று நினைக்கவே விரும்பினார். பஸ் நிற்கிற இடமாயிற்றே என்று, பக்கத்து நிலத்துக்காரி மாரம்மா மரத்தடியில் டீ அடுப்பு போட்டாள். டீ கிடைக்கிறது என்று வேறு கம்பெனி வேன்களும் நின்றன. வேன் நிற்கிறது என்று ஷேர் ஆட்டோ வந்தது. மாரம்மா கறவை மாட்டை விற்று, தன் நிலத்தோரம் தகரக்கூரை போட்டு வரிசையாக ரூம் கட்டினாள். மதுரை, தென்காசியிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அவற்றில் குடியேறினார்கள். பெண்கள் வந்ததும் ரீசார்ஜ் கடை, பியூட்டி பார்லர், சாயங்காலத்துக்குச் சிக்கன் வறுவல் வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

திருநெல்வேலியிலிருந்து ஓசூர்ப் பக்கம் வந்தவர் என்பதால் பெண்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் இடத்துக்கு 'அண்ணாச்சி ஸ்டாப்' என்று பேர் விழுந்தது. போன பொங்கலுக்கு ஒரு மனைத் தரகர் அங்கே போர்டே வைத்துவிட்டார்: 'அண்ணாச்சி நகர். ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரம்.'

செய்த குற்றத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, மேலே விளக்கும் போட்டுக் கௌரவிக்கப்பட்ட ஆள் தமிழ்நாட்டிலேயே தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று சுடலைமுத்துவுக்குத் தோன்றியது. அந்த போர்டைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டார்.

இந்த வாரம் பயம் முற்றிவிட்டது. கம்பெனி ஆபீசில் ஸ்டாப்புகளைச் சரிபார்க்கிறார்களாம், லிஸ்ட்டில் இல்லாததையெல்லாம் எடுக்கிறார்களாம் என்று பேச்சு. லிஸ்ட்டில் இருப்பது பிரிவு ரோடு. புங்கமரம் எந்த லிஸ்ட்டிலும் இல்லை.

அந்தப் பேச்சு மாரம்மா காதுக்கும் போயிருந்தது. காலை டிரிப்பில் டீ கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, பஸ்ஸு இங்க நிக்குமா, நிக்காதா? இன்னும் நாலு ரூம்பு கட்டக் கல்லு சொல்லிட்டன். மத்தியானம் லாரி வருது."

"நிக்கலன்னா அந்தக் கல்ல எடுத்து என் தலையில போட்டுருங்க, சோலி முடிஞ்சிது."

"வாயத் தொறந்தா டமாசு. என்னிக்காவது ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லியிருக்கியா நீ?"

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நாக்கு வெந்தது.

மத்தியான ஷிஃப்ட்டுக்கு வண்டி எடுத்தபோது குருபரப்பள்ளியில் ஒரு பெண் ஏறினாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் டேப்லெட். பேர் அருணா, ஸ்டாப்புகளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள்.

"டிரைவர் அண்ணா, எனக்கு ஒரு விஷயம் புரியல" என்று ஆரம்பித்தாள். "வேலை இருக்கிற பக்கம் ஆள் வரும். ஆள் இருக்கிற பக்கம் கடை வரும். கடை இருக்கேன்னு இன்னும் ஆள் வரும். ஊர் இப்படித்தான் பெருசாகுது. ஓசூரே அப்படித்தான். ஆனா முதல் ஆள் ஒரு இடத்துல நிக்க ஏதாவது காரணம் வேணும்ல? ஆறு, ரயில், நாலு ரோடு கூடுற இடம், ஏதோ ஒண்ணு. அண்ணாச்சி ஸ்டாப்புல ஒரு மரம்தான் இருக்கு. கணக்குப்படி இந்த ஊர் பிரிவு ரோட்டுலதான் வந்திருக்கணும்."

"மரம் நல்ல நெழலும்மா" என்றார் சுடலைமுத்து.

"நிழலுக்காகவா நகர் போடுவாங்க? அது யாரு அந்த அண்ணாச்சி?"

"எவனாவது மளிகைக்கடைக்காரனா இருப்பான்."

"அங்க மளிகைக்கடையே இல்லையே."

"கடைய வித்துட்டுப் போயிருப்பான். பாவம், நல்ல மனுசன்."

அதே நேரம் பின் சீட்டிலிருந்து சுமலதா கத்தினாள். பஸ்ஸிலேயே பெரிய தொண்டை அவளுடையதுதான். "அண்ணாச்சி! அந்த ஃபேனப் போடுங்க அண்ணாச்சி! வெந்துக்கினு இருக்கறோம்!"

அருணா டேப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சுடலைமுத்து ஃபேன் என்று நினைத்து வைப்பரைப் போட்டார். வெயிலில் வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது.

"லிஸ்ட்ல உள்ளபடி மாத்திட்டா, பஸ்ஸு மரத்தடியில நிக்கவே நிக்காதோம்மா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"பார்க்கணும் அண்ணா."

"பாத்து?"

"பார்த்துட்டுதான் சொல்லணும்."

தன்னைப் போலவே பேசுகிறாள் என்று அவருக்கு முதல் முறையாகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

புங்கமரத்தடியில் கல் லாரி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டு லோடுமேன்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மாரம்மா சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, பஸ் நின்றதும் நேராக டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

"லாரிக்காரன் பறக்கறான். எறக்கட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா? எனக்கு இனிமே விக்க மாடு இல்ல அண்ணாச்சி."

துணுக்கு ஒன்று வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. இறங்கிக் கீழே நின்றார். அருணாவும் இறங்கினாள்.

"மேடம்" என்றார். "நீங்க தேடுத காரணம் நான்தான். பிரிவு ரோட்டுக் கம்பத்த இடிச்சுப் போட்டது நான். அந்த எடத்தப் பாக்கப் பயந்து இங்க நிறுத்துனேன். ஆறுமில்ல, ரயிலுமில்ல. என் பயந்தான் காரணம். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடுங்க. இந்த ஸ்டாப்பு இருக்குமா, இருக்காதா? அத மட்டும் இந்தம்மாட்டச் சொல்லிருங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து சுமலதா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

அருணா டேப்லெட்டை மூடினாள்.

"இருக்கும்" என்றாள் மாரம்மாவிடம். "நேத்து சாயங்காலம் பிரிவு ரோட்டுல தனியா நின்னு பார்த்தேன். நேர் எதிர்ல ஒயின்ஷாப். அஞ்சு பேர் கிட்ட வந்து பேர் கேட்டாங்க. அண்ணன் எங்க வேணும்னாலும் நிறுத்தியிருக்கலாம், பொண்ணுங்க இங்கயே தங்குனது அவங்க முடிவு. திரும்பி அங்க எவளும் போய் நிக்க மாட்டா, நானும் நிக்க மாட்டேன். கல்லை எறக்குங்கக்கா."

லோடுமேன்கள் முதல் கல்லைத் தூக்கினார்கள். சுடலைமுத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"அப்ப நானு மேடம்?"

"நீங்க இருக்க மாட்டீங்க அண்ணாச்சி" என்றாள் அருணா. "கம்பத்துக்காக இல்ல. அடுத்த மாசத்துல இருந்து இங்க ரெண்டு பெரிய பஸ் வருது. இந்த ஊருக்கு உங்க வண்டி பத்தாது. உங்களுக்கு ராயக்கோட்டை ரூட்டு."