துண்டுக்கு அடியில் இல்லாத கை

எழுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி சுக்குத் தரகர் இசக்கிமுத்துவின் வலது கை, துணிக்கு அடியில் இல்லாமல் போயிற்று. வெளியில் இருந்தது. சோறு பிசைந்தது, பீடி பிடித்தது. ஒரு துண்டை அதன்மேல் போட்டால் மட்டும் துண்டு தொய்ந்து விழும், அடியில் ஒன்றும் இராது. அந்த வருஷம் சுக்கு விலையும் விழுந்திருந்ததால் கடைத்தெருவில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அங்கே விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்தும் அழுத்தியும் பேரம் முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம்தான் தெரியும். பிடித்த விரலுக்கு மேல் கையெழுத்துக் கேட்டால் அவமரியாதை. இசக்கிமுத்து அப்படி விரல் கொடுத்தே பலரிடமும் கடனுக்குச் சுக்கு எடுத்து, ஆலப்புழைக்கு ஒரு வள்ளம் நிறைய ஏற்றினார். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தார்ப்பாய்க்கு வாடகை கொடுக்க மனசு வரவில்லை. வானத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. காயலில் நாள்கணக்கில் நனைந்து கரை சேர்ந்தபோது சாக்கெல்லாம் பூசணம். கடன் கொடுத்தவர்களில் ஓங்கிக் கத்தியவர்களுடைய வாயை அடைக்க, மனைவி பாக்கியலக்ஷ்மி தன் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். அடகுக்குப் போன சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று. மீதிக் கடன் அப்படியே நின்றது.

கை போன விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் மிளகு வியாபாரி ராமபத்ரன். துண்டுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, “ஓய், கை எங்கேங்காணும்?” என்றார்.

“இங்கனதான் வச்சிருக்கேன்” என்றார் இசக்கிமுத்து.

ராமபத்ரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தரகரிடம் போனார்.

அதன்பிறகு இசக்கிமுத்து கிடங்குகளில் சாக்குத் தைத்தார். கோணி ஊசி பிடிக்க அந்தக் கை நன்றாகவே உதவியது. பாக்கியலக்ஷ்மி பக்கத்துக் கிடங்கில் சுக்குப் பொறுக்கினாள். சுள்ளிக்கல்லில் அவர்கள் குடியிருந்த வரிசையில் எல்லாருக்கும் கடனுக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது; இவர்களுக்குத் தீப்பெட்டிகூட ரொக்கம்தான். ஓணம் வந்தது, பொங்கல் வந்தது, ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. இவர்கள் கடன் கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தொன்றில் கடைசி ஆளுக்கும் கொடுத்து முடித்த அன்று, கடை வாசலிலேயே துண்டைக் கைமேல் போட்டுப் பார்த்தார். துண்டு தொய்ந்து விழுந்தது. அழுகைதான் வந்தது அவருக்கு. இனிச் சாகும்வரை ஒரு பைசா கடன் வாங்குவதில்லை என்று சபதம் செய்தார். அந்த வைராக்கியத்திலேயே இரண்டு வருஷம் ஓடியது. கை வரவில்லை.

கிடங்கு வாசலில் சாயாக்கடை வைத்திருந்த சரோஜம்மாவுக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. தினமும் குடிப்பதற்கு முன்பே காசை மேசைமேல் வைக்கும் மனுஷரைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

“அண்ணாச்சி, கடனே வாங்காத ஆள் திருப்பித் தருவாரா மாட்டாரான்னு எப்படித் தெரியும்? காசைத் திருப்பி எடுங்கோ. இந்தச் சாயா கடன். சனியாழ்ச்ச தந்தா போதும்.”

சபதத்தை நினைத்துக்கொண்டே அந்தச் சாயாவைக் குடித்து முடித்தார். சனிக்கிழமை கொடுத்தார். அன்று துண்டுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் தட்டுப்பட்டது.

பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. சாயாவிலிருந்து மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயிலிருந்து அரிசி. வாங்குவார், சொன்ன நாளில் கொடுப்பார்; விரலில் ஒரு கணு முளைக்கும். ஒரு தடவை காய்ச்சலில் கிடந்து சொன்ன நாள் தவறியதில் மோதிர விரல் பாதி போய், அதைத் திரும்பப் பெறவே ஒரு மழைக்காலம் ஆயிற்று. எண்பத்தாறில் ராமபத்ரன் துண்டுக்குள் கையை விட்டார், நிறுத்தினார், ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். “இளைச்சுப்போச்சு ஓய்” என்றார். அப்புறம் விலையை அழுத்தினார்.

தரகுப் பணத்தோடு வீட்டுக்கு ஓடிவந்த இசக்கிமுத்து, பாக்கியலக்ஷ்மியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். “பாரு, பாரு” என்றார். துண்டு அவள் கைமேல் மட்டும் படிந்து கிடந்தது.

“கடையிலே இருந்துச்சே!”

“கடையிலே இருக்கும். அவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சுல்லா?” என்றாள் அவள். கோபமில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே போர்வைக்குள் அந்தக் கையில்லாமல் தூங்கியவள். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் அவருக்குச் சங்கிலி நினைவு வந்தது. கடன்காரர் பெயர்களைத் தூக்கத்தில்கூட ஒப்பித்த மனுஷர், அந்த வரிசையில் ஒரு நாளும் அவளைச் சேர்த்ததில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாளைக்கே வேறு சங்கிலி வாங்கித் தருகிறேன் என்றார்.

“அந்த ‘நாளைக்கு’ எல்லாம் எனக்கு வேண்டாம்” என்றாள்.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “அஞ்சு ரூவா கடனாக் குடு. சனியாழ்ச்ச தாரேன்” என்றார்.

பாக்கியலக்ஷ்மி யோசித்தாள். கடைத்தெருவில் எந்த முதலாளியும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. பிறகு உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் தோளிலிருந்த துண்டைத் தானே எடுத்து இரண்டு கைக்கும் மேல் விரித்து, உள்ளே தேடினாள். வெகுநேரம் தேடினாள். கடைசியில், அரிசிமணி அளவுக்கு ஏதோ அகப்பட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“சின்னதாத்தான் இருக்கு” என்றாள்.

“வரும்” என்றார் அவர்.

“அடுத்த சனியாழ்ச்ச பாப்போம்” என்று சொல்லிவிட்டு, கஞ்சி வடிக்கப் போனாள்.